ஒரு போகத்துக்கு மட்டும்

செருப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மடைக் கருப்பு கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தன. தலைமுடியை ஒட்ட வெட்டிய, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து, ஒன்றுக்கொன்று ஜோடி தேடி, சுவரோரமாக வரிசை கட்டி வைத்துக்கொண்டிருந்தார். முனைகள் எல்லாம் தெருவைப் பார்த்தன. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஓடிப்போய், "மாப்ள, நீங்க போயி இதையெல்லாம் தொட்டுக்கிட்டு" என்று கையைப் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே, "கோணலாக் கெடந்தா எனக்குச் சோறு எறங்காது மாமா" என்றார்.

ஊரே உருகிப் போயிற்று. பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், முப்பது வருசம் எல்லையில் நின்றவர், எங்கள் சேறு ஒட்டிய செருப்பைத் தொட்டு அடுக்குகிறார் என்றால் சும்மாவா. எனக்கும் அன்று கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. இன்றைக்கு எங்கே செருப்பு வரிசையாகக் கிடந்தாலும் என் ஜோடியைக் கோணலாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. பெரியவர்களுக்கு மாப்பிள்ளை, எங்களுக்கு மாமா, அவர் இல்லாத இடத்தில் மிலிட்டரிக்காரர். சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். வைகை அணை கட்டும்போது அவர் தாத்தாவின் நிலம் தண்ணீருக்குள் போய்விட்டதாகச் சொல்வார். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரிலேயே வீடு கட்டிக் குடிவந்தார். வீடு மட்டும்தான். எங்கள் வாய்க்கால் பாய்கிற வயலில் அவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை நொண்டும். நான் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்குப் போஸ்ட்டு அக்கா. தினமும் பத்து மணிக்கு அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முதல் நாள் வந்தபோதே கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி, என் மை டப்பாவை, முத்திரையை, பசை பாட்டிலை ஒரே கோட்டில் நகர்த்தி வைத்துவிட்டு, "தப்பா நெனச்சுக்காத ஆத்தா, கை சும்மா இருக்காது" என்றார். சுவரில் சாய்ந்திருந்த காலண்டரையும் நேராக்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. என் மேசையை அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் எனக்கு அந்த நாட்டின் கதையைச் சொன்னார். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஐ.நா. அமைதிப் படையில் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறார். நாட்டின் பெயர் அவர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது.

"நம்மள மாதிரி வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன நாடுதான் ஆத்தா. கொடி ஏத்துனாக, ஓட்டுப் போட்டாக. பெறகு மந்திரிமாரு ஒருத்தன ஒருத்தன் கடிச்சுக்கிட்டாக. ஒரு நா காலைல ஒரு கர்னல் ரேடியோவுல வந்து, மூணு மாசத்துக்கு மட்டும் நாங்க பாத்துக்கிறோம்னாரு."

சனங்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"பூப் போட்டாக. டாங்கி மேல ஏறி நின்னு பூப் போட்டாக."

முதலில் நல்லதுதான் நடந்ததாம். சந்தைக் கடைகளைக் கயிறு பிடித்து வரிசைப்படுத்தினார்கள், பதுக்கல்காரனைப் பிடித்தார்கள், ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். அவர் போய் இறங்கியபோது அந்த மூன்று மாதத்துக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது. கர்னலின் படம் தபால் தலையில்கூட வந்துவிட்டது.

அந்தக் கதையில் அவருக்குக் கர்னல் மீது அவ்வளவு கோபம் இல்லை. கோபமெல்லாம் ரேடியோவில் அறிவிப்புப் படிக்கிறவன் மீதுதான். முகாமுக்குப் பக்கத்தில் குடியிருந்தானாம். டை கட்டிய ஒல்லி ஆள். சாயங்காலம் இவருடன் நடக்க வருவான். பதினோரு வருசத்துக்கு முன்னால், அந்த மூன்று மாதம் முடிகிற வாரத்தில், ஓட்டெடுப்பு தேதி பற்றித் தினமும் படித்துவந்த ஒரு வரியை அவன் படிக்காமல் விட்டுவிட்டான். யார் விடச் சொன்னது என்று இவர் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்றானாம்.

"துப்பாக்கி வச்சிருக்கவன நம்பலாம் ஆத்தா" என்றார் மாமா. "சொல்லாமலே செய்றவன நம்பக் கூடாது." பேப்பரை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, பெஞ்சு ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டுப் போனார். நம் பட்டாளம் ஒருநாளும் ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

இனி பானை. லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறந்தால் ஆற்றில் வந்து, பெரிய கால்வாயில் பிரிந்து, எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலுக்கு வரும். பெரிய கால்வாய் அரசாங்கத்து ஆட்கள் பொறுப்பு. கிளை வாய்க்கால் ஷட்டர் எங்கள் பொறுப்பு. அதைத் திருகி ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு, ஒரு முழ நீளம். அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் அந்த வருசத்துக்கு யாருக்கு எப்போது தண்ணீர் என்று சொல்கிறவர்.

அந்தக் கைப்பிடிக்கு எங்கள் ஊரில் தேர்தல் கிடையாது, பரம்பரை கிடையாது. வைகாசியில் மடைக் கருப்பு முன்னால் திருவுளச் சீட்டு. வயல் உள்ள முப்பத்தேழு வீட்டுப் பெயரையும் எழுதிச் சுருட்டி மண்பானையில் போட்டு, பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு வருசம். குடிகாரன் என்றாலும் சரி, கூமுட்டை என்றாலும் சரி. "கூமுட்டைக்கும் ஒரு வருசம், கருப்பனுக்கு எல்லா வருசமும்" என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அடுத்த வைகாசியில் அவன் கைப்பிடியைக் கொண்டுவந்து பானைக்கு முன் வைத்தே ஆக வேண்டும்.

சீட்டு எழுதுவதற்கும் ஒரு விதி இருந்தது. ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாய்கிற பரப்பில், நிலம் இல்லாத கைதான் எழுத வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு எங்கள் ஊரில் எவன் நிலம் எழுதி வைத்தான்? அதனால் அந்தப் பெருமை எனக்கு வந்தது. வாய்க்கால் சங்கத்துத் தீர்மான நோட்டும் நான்தான் எழுதுவேன்.

அந்த வருசம் சீட்டு ஒரு சரியான கூமுட்டைக்கு விழுந்தது. மழையும் குறைவு. அவன் மாமனார் வயலுக்கு இரண்டு முறை, மச்சான் வயலுக்கு மூன்று முறை என்று விட்டுக்கொண்டிருந்தான். கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களில், சொட்டுத் தண்ணீர் இல்லை. என் அண்ணன் வயல் கடைமடை. அவனுக்கு விளையாவிட்டால் அண்ணி விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்த வருசம் போனாள். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு திரும்பி வருவாள். மடையில் ஒரு நாள் கைகலப்பாகி ஒருவருக்கு மண்டை உடைந்தது.

அதற்குப் பிறகு கூடிய கூட்டத்தில்தான் யாரோ மிலிட்டரிக்காரர் பெயரைச் சொன்னார். யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்டால் முப்பத்தேழு பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். சொன்னது என் அண்ணன்தான். அவருக்கு வயல் இல்லை, அதனால் தண்ணீர் திருட மாட்டார் என்றான். எல்லோருக்கும் அது பெரிய ஞானமாகப் பட்டது. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று தடவை மறுத்தார். கடைசியில், "ஒரு போகத்துக்கு மட்டும்" என்றார். நான் நோட்டில் அப்படியே எழுதினேன். அண்ணன் ஒரு ரோஜா மாலையோடு போனான். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பூ வேணாம் மாப்ள. பூவப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்குக் கதை தெரியும். ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்லவும் இல்லை.

அந்தப் போகத்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். விசில் ஊதினால் தண்ணீர், இன்னொரு விசிலுக்கு நிறுத்தம். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கோயில் சுவரில் பலகை. கடைமடைக்கு முதல் தண்ணீர், தலைமடைக்குக் கடைசி. என் அண்ணன் வயலில் தூர் கட்டி நின்ற நெல்லைப் பார்க்கப் பண்ணைப்புரத்திலிருந்து எங்கள் பெரியம்மா மகன் வந்தான். அண்ணி ஜீப் ஏறவில்லை. அந்த வீட்டில் அந்த வருசம் எல்லோரும் கொஞ்சம் சதை போட்டார்கள். மாமா மட்டும் மெலிந்தார். காலை நாலு மணிக்கு எழுந்து வாய்க்கால் கரை முழுக்க நடப்பார். அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை என்பதுதான் எங்கள் வாயை அடைத்தது.

பிறகு கரை நேராயிற்று. வளைந்து போன இடங்களில் மண் வெட்டி நிமிர்த்தினார்கள், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து. ஓரத்தில் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்த அன்றைக்கு எனக்கு முத்திரை குத்தும் கை நின்றுவிட்டது. நடுக்கரையில் ஒரு புங்கை மரம் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். களை எடுக்கிற பெண்கள் அதன் அடியில்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள், ஊர்ப் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். ஒரு வாரத்தில் அது இல்லை. கேட்டதற்கு, "கோணலா நின்னுச்சு ஆத்தா" என்றார். நிஜமாகவே வேறு காரணம் அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வாய்க்காலுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. முன்பெல்லாம் அதில் ஒரே சண்டை, நடுவில் காலை வணக்கம், குழந்தை பிறந்த படம். அதை அவர் மட்டும் எழுதுகிற மாதிரி மாற்றினார். நாங்கள் படிக்கலாம். சத்தம் குறைந்ததில் பலருக்கும் நிம்மதி. புகார் இருந்தால் கூட்டமாக வரக் கூடாது, ஒவ்வொருவராக வர வேண்டும் என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள். உள்ளே போனவர் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தனக்கு மட்டும்தான் குறை, மற்றவனெல்லாம் நன்றாக இருக்கிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக இருக்கும். அவர் அடுக்குவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. போகிறவர்களே அடுக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

முதல் வைகாசி வந்தது. ஷட்டர் பழுது பாதியில் நிற்கிறது, இன்னும் ஒரே ஒரு போகம் என்றார். ஊர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டது. நோட்டில் அதே வரியை மறுபடி எழுதினேன். அந்தக் கூட்டத்தில்தான் என் அண்ணன் எழுந்து, அடுத்த வைகாசிக்காவது கட்டாயம் சீட்டுப் போடுவோமா என்று கேட்டான். குதர்க்கமாக ஒன்றும் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். மாமா புன்னகையோடு என் பக்கம் திரும்பினார்.

"கண்டிப்பா மாப்ள. ஆத்தா, இவுக சந்தேகத்த நோட்டுல எழுது. பேரும் போட்டுரு."

எழுதினேன். என் கையால் என் அண்ணன் பெயரை எழுதினேன்.

அந்தப் போகத்தில் அவனுக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. அப்படி யாரும் சொல்ல முடியாது. பலகையில் அவன் முறை இருந்தது. அவன் முறை வரும் நாளில் கடைமடைப் பக்கம் கரை சீரமைப்பு இருக்கும், அல்லது ஷட்டருக்கு எண்ணெய் போடுவார்கள், ஒரு நாள் தள்ளிப் போகும், இரண்டு நாள் தள்ளிப் போகும். நாற்றங்கால் வெளுத்தது. அண்ணன் தனியாக அவர் வீட்டுக்குப் போனான். அரை மணி நேரம். திரும்பி வந்தவனிடம் என்ன சொன்னாக என்று அண்ணி கேட்டாள். "நல்லாத்தான் பேசுனாக" என்றான். மறுநாள் நான் அவன் வீட்டுக்குப் போனபோது, வாசலில் அவன் செருப்பு, அண்ணி செருப்பு, எல்லாம் தெருவைப் பார்த்து நேராக இருந்தன. அண்ணி மறுபடி ஜீப் ஏறினாள்.

இரண்டாவது வைகாசி. சீட்டுக்கு ஒரு வாரம் முன்பு மாமா அஞ்சலகத்துக்கு வந்தார். வழக்கம் போலப் பெஞ்சு, வழக்கம் போலப் பேப்பர். எழுந்து போகும்போது என் பசை பாட்டிலை ஒரு விரலால் நகர்த்தினார்.

"நீயும் நானுந்தான் ஆத்தா இந்த ஊர்ல பானைக்கு வெளிய இருக்கோம்" என்றார். பிறகு, "வைகாசி வந்துருச்சுல்ல" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதை வைத்து ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன். என்ன சொன்னார்? எழுது என்றாரா, எழுதாதே என்றாரா? நேரடியாகக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் தினமும் உட்காருகிற மனிதர். கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பானையில் பெயர் இல்லாதவரைப் பானையைக் கொண்டு இறக்க முடியாது. சீட்டில் யார் பெயர் வந்தாலும், அந்த ஆள் போய் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிற கைப்பிடியைக் கேட்க வேண்டும். எவன் கேட்பான்? கேட்டவன் வயலுக்கு என்ன ஆகும்? முதலில் என் அண்ணன் வயலுக்கு என்ன ஆகும்? சீட்டே இல்லையென்றால் யாருக்கும் வம்பில்லை, அண்ணனுக்குத் தண்ணீராவது கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழித்து வைத்தேன். ஒரு பெயரும் எழுதவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கிற தைரியம் ஊரில் யாருக்கும் மிச்சமில்லை என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

கோயில் முன்னால் ஊர் உட்கார்ந்திருந்தது. காலை பத்து மணி வெயில். பானை மஞ்சள் துணி கட்டி வைக்கப்பட்டிருந்தது. மாமா வந்தார். கையில் கைப்பிடி. இரண்டு வருசத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். கொண்டுவந்து பானைக்கு முன்னால் தரையில் வைத்தார், பானைக்கு நேராக. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்கன இருக்கு" என்றார். "யாரு எடுக்கீக?"

இது சோதனையா, நிஜமா? எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த இரும்பைப் பார்த்தோம். நெற்றி வியர்வை என் நோட்டில் சொட்டி மை கரைந்தது. பெரியவர் ஒருவர் மெதுவாக, நீங்களே இன்னும் ஒரு போகம், என்று இழுத்தார்.

அப்போது என் அண்ணன் எழுந்தான். இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிக்கொண்டு சொன்னான்.

"சீட்ட எடுங்க பூசாரி. யாரு பேரு வருதோ அவுக எடுக்கட்டும். கூமுட்டைக்கும் ஒரு வருசம்னு நம்ம பெரியவுக சும்மாவா சொன்னாக?"

அந்த ஒரு நொடியில் சபை அசைந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அசைந்தது. நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஆமா என்றார். இன்னொருவர் எடுங்க என்றார். பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு பானைத் துணியை விலக்கிக் கையை விட்டார். துழாவினார். இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினார். பிறகு கட்டை அவிழ்த்துப் பானையை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் என் அண்ணனைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று அவனுக்கு மட்டும் தெரியவில்லை என்பது போலப் பார்த்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

மாமாவும் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு களைப்பு. குனிந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு, என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் ஒன்ன ஒண்ணும் சொல்லலயே ஆத்தா."

உண்மை. ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் அஞ்சலகத்துக்கு வரவில்லை. இன்னும் இரண்டு வருசம் கைப்பிடி அவரிடம்தான் இருந்தது. வைகாசி வரும், போகும், பானையை யாரும் இறக்கவில்லை. விசில் மட்டும் கேட்கும். ஒரு நாள் மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊர் திரண்டு போய் எடுத்துப் போட்டது. பூ குவிந்து கிடந்தது. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு அவர் மனைவி எனக்குச் சொல்லி அனுப்பினாள். கைப்பிடியை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னாளாம். போனேன். அவள் ஆணியிலிருந்து அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தாள். போக எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த வருசம் சீட்டு அன்னைக்குக் காலைல டிரங்குப் பெட்டியக் கட்டிட்டாக. கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போறதுக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. போஸ்ட்டு ஆத்தா எழுதியிருக்கும், ஒரு பேரு வரும், குடுத்துட்டு வந்துர்றேன், அந்தா இந்தான்னு இழுத்துட்டேன், எனக்கே பயமா இருக்குன்னாக."

மடியில் இருந்த கைப்பிடியைத் திருப்பி வைத்தேன். அவளே சொன்னாள்.

"திரும்பி வந்து, இங்கயும் அதே ரேடியோக்காரந்தான்னாக. எனக்கு என்னான்னு வெளங்கல. நான் பெட்டியப் பிரிச்சுட்டேன்."

செத்துப்போன புருசனுக்காக ஒருத்தி சொல்கிற நல்ல வார்த்தையா அது, நிஜமா? எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் என் அண்ணன் வயலைக் காய வைத்த கை எந்தக் கை? இறங்க நினைத்தவர் தானே ஒரு பெயரைச் சொல்லி நீட்டிவிட்டு இறங்கியிருக்கலாமே. யாராவது பிடித்து இறக்கினால்தான் இறங்குவேன் என்று நின்றவர் அதற்கு என்னை நம்பியிருக்க வேண்டாம். இப்படியெல்லாம் அவரோடு இன்னும் வழக்காடுகிறேன். வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை.

சீட்டு மறுபடி தொடங்கியது. போன வைகாசியில் முப்பத்தேழு பெயரையும் நான் எழுதினேன், இரண்டு முறை எண்ணிப் பார்த்துப் பானையில் போட்டேன். விழுந்தது திருப்பூரில் பாதி நாள் இருக்கிற ஒருவனுக்கு. கைப்பிடியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தலைமடைக்காரர்கள் குளித்தார்கள், கடைமடை வெடித்தது. அண்ணி ஐம்பது வயசுக்கு மேல் ஜீப் ஏறினாள். மிலிட்டரிக்காரர் இருந்தவரைக்கும் இப்படி நடந்ததுண்டா என்று டீக்கடையில் பேசுகிறார்கள். விசிலைப் பற்றிப் பேசுகிறார்கள், பலகையைப் பற்றிப் பேசுகிறார்கள். வெட்டிய மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வருசம் மேலத் தெருவுக்கு ஒருவர் வந்திருக்கிறார். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருசம். எங்கள் ஊர் மருமகன்தான். ஆயக்கட்டில் நிலம் இல்லை. மெதுவாகப் பேசுகிற, தன் பாட்டுக்குத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற மனிதர். எதையும் அடுக்கி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவர் வீட்டு மேசையில் மருந்துச் சீட்டும் செய்தித்தாளும் கண்டபடி கிடக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

நேற்றுக் காலை அவருக்கு ஒரு பதிவுத் தபால் கொடுக்கப் போனேன். இன்னும் பத்து நாளில் வைகாசி. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகள். சுவரோரமாக, முனைகள் தெருவைப் பார்க்க, நூல் பிடித்த மாதிரி இருந்தன.

கடைசி ஜோடியில் இடது வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கம்பியை என் அண்ணனுக்கு நான்தான் கொடுத்தேன்.